அடுப்பேறாத திரமிசு உருண்டைகள்

பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை. மேலே கோகோத் தூள். கடித்ததும் முதலில் தூளின் கசப்பு, அடுத்து காபி, கடைசியாக மெதுவாக வாயில் பரவும் பாலேட்டின் கொழுப்பு. இத்தாலியர்கள் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் திரமிசுவைக் கையில் உருட்டிவிட்டால் அதுதான் இந்த ட்ரஃபிள். இதற்கு ஓவன் வேண்டாம், முட்டை அடிக்க வேண்டாம், பாகு பதம் பார்க்க வேண்டாம். இருந்தும் முதல்முறை செய்பவர்களில் பலருக்குச் சாக்லேட் திடீரென்று கட்டிதட்டிப் போகும். இல்லாவிட்டால் கலவை உருட்ட வராமல் கையெல்லாம் ஒட்டும். இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றே: தண்ணீர். எந்தப் பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எங்கே போய்ச் சேரப்போகிறது என்ற கணக்கு தெரிந்துவிட்டால் இந்த இனிப்பில் தெரிந்துகொள்ள மீதி அதிகமில்லை.

நெருப்பு வேலை முழுவதும் நம் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. காபியும் கோகோவும் பழத்துக்குள் இருக்கும் விதைகள். கோகோக் காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளைக் குவித்து, வாழையிலையாலோ சாக்காலோ மூடி ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க விடுகிறார்கள். அப்படிப் புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளரும் கோகோவுக்கும் இதே பாடுதான். பிறகு காயவைத்து, 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வறுக்கிறார்கள். காபிக்கொட்டைக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். இந்தச் சூட்டில் விதையிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரான்ஸின் லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்த வினை இது; இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வறுத்த காபியில் 800-க்கும் மேற்பட்ட ஆவியாகும் மணப்பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பைரசின் என்ற குடும்பத்தைச் சேர்ந்த பல, வறுத்த கோகோவிலும் உண்டு. காபியும் சாக்லேட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதற்கு இந்த உறவு ஒரு காரணம். உருண்டையில் சேரும் பிஸ்கட்டும் வாட்டும் சூட்டில் பழுப்பேறியதுதான். ஆக, நெருப்பில் பழுப்பேறிய பொருள் மூன்று. நான்காவதான மாஸ்கர்போனே என்ற பாலேட்டுக் கட்டி மட்டும் வெள்ளையாக, வறுபடாமல் வந்து அந்த மூன்றின் கசப்பையும் தணிக்கிறது.

திரமிசுவைப் பார்த்தால் ஏதோ அரண்மனைக் காலத்துப் பண்டம் போலத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. வெனிஸுக்குச் சற்று வடக்கே உள்ள திரெவிசோ நகரில், லெ பெக்கெரியே என்ற உணவகத்தின் பட்டியலில் 1972-இல் அது இடம்பெற்றது. உணவகம் ஆடோ காம்பெயோல், ஆல்பா தம்பதியுடையது. இனிப்பைச் செய்தவர் அங்கே வேலைபார்த்த ரொபேர்தோ லிங்குவானொத்தோ. முட்டைக்கருவும் சர்க்கரையும் அடித்துக்கொண்டிருந்த பாத்திரத்தில் மாஸ்கர்போனே தவறி விழுந்ததாக ஒரு கதை உண்டு. பிள்ளை பெற்ற ஆல்பாவுக்குத் தெம்புக்காகக் கொடுத்த உணவிலிருந்து வந்தது என்று இன்னொரு கதை. ஒரு பண்டம் பேர் வாங்கிவிட்டால் பிறப்புக் கதைகளுக்கா பஞ்சம்? பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி-வெனிசியா ஜூலியாவும் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் ஊரான டோல்மெட்சோவில் நோர்மா பியெல்லி என்ற பெண்மணி 1950-களிலேயே ஒரு விடுதியில் இதைப் பரிமாறினார் என்கிறார்கள். 2017-இல் இத்தாலிய வேளாண் அமைச்சகம் திரமிசுவை அந்த மாநிலத்தின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் சேர்த்ததும் திரெவிசோ இருக்கும் வெனெத்தோ மாநிலத்தார் கொதித்துப்போனார்கள். இரண்டு ஊர்க்காரர்களுமே தங்கள் கட்சியை விடுவதாக இல்லை.

திரெவிசோ செய்முறையில் ஆறே பொருள்கள்: முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, மாஸ்கர்போனே, சவோயார்தி பிஸ்கட், காபி, கோகோத் தூள். மது கிடையாது, மார்சாலா ஒயினும் ரம்மும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ட்ரஃபிளாக மாற்றும்போது பச்சை முட்டையை விட்டுவிடலாம். அதன் இடத்தை எடுத்துக்கொள்ளச் சாக்லேட் வருகிறது. நம் ஊர் வெயிலில், சால்மொனெல்லா கிருமிக்கு அஞ்சாமல் விருந்தினருக்குக் கொடுக்க இதுவே நல்ல வழி. சாக்லேட் ட்ரஃபிள் என்ற வகை பிரெஞ்சுக்காரர்களுடையது. ஓக் மர வேர்களை ஒட்டி மண்ணுக்குள் விளையும் ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த பூஞ்சையின் வடிவத்தில் உருட்டி, மண் ஒட்டியிருப்பதுபோல் கோகோவில் புரட்டுவார்கள். அதனால் உருண்டை கோணல்மாணலாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. சொல்லப்போனால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி தண்ணீர்க் கணக்கு. மாஸ்கர்போனே வட இத்தாலியின் லொம்பார்தியாவைச் சேர்ந்தது. பாலில் அல்லாமல் பாலேட்டில் செய்வது. க்ரீமைக் கொதி வருவதற்குச் சற்று முன்வரை, அதாவது 85 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ விடுகிறார்கள். புரதம் திரிகிறது. ஆனால் கொழுப்பு மிகுந்திருப்பதால் பனீர்போல் கட்டி தனி, தண்ணீர் தனி என்று பிரிவதில்லை. எல்லாம் சேர்ந்து தடித்துக்கொள்கிறது. துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் இரவு முழுவதும் வடியவிட்டால் மாஸ்கர்போனே தயார். அதில் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல்; எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்.

கடையில் இதன் விலை கையைக் கடிக்கும் என்பதால் வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் க்ரீமைப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்புதான். அதில் செய்தால் தளதளவென்றுதான் வரும். 35 சதவீதமாவது இருந்தால் நன்றாக இறுகும். கேக் அலங்காரத்துக்கு விற்கும் விப்பிங் க்ரீம் பக்கமே போகாதீர்கள். அவற்றில் பல பாலேடே அல்ல, தாவரக் கொழுப்பு. எலுமிச்சை விட்டாலும் எதுவும் நடக்காது.

மாஸ்கர்போனேயில் இருக்கும் இந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே, அதுதான் பிஸ்கட். சவோயார்தி விரல் நீளத்தில் இருக்கும்; முட்டையை நுரைக்க அடித்து, மாவும் சர்க்கரையும் சேர்த்து, உள்ளே ஈரமே இல்லாதபடி வாட்டி எடுப்பது. வெண்ணெய் சேராது. உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கக் காற்றறைகள். கொழுப்பில்லாத அந்த வறண்ட அறைகளுக்குள் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும். கிடைக்காதவர்கள் மாரி பிஸ்கட்டைத் தேடிப் போவதைவிட, பேக்கரியில் ஏலக்காயோ சோம்போ போடாத சாதா ரஸ்க் வாங்குவது மேல் என்பது என் தீர்ப்பு. மாரியில் கொழுப்பு கூடுதல், காற்றறைகள் குறைவு, அதனால் உருண்டை கனத்துவிடும். ரஸ்க்கில் இனிப்பு குறைவு என்பதால் சர்க்கரையை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

காபியைப் பொறுத்தவரை, குறைந்த தண்ணீரில் நிறையச் சாறு இறங்கியிருக்க வேண்டும். இத்தாலிய வீடுகளில் அதற்கு மோக்காப் பாத்திரம் இருக்கிறது. அல்ஃபோன்சோ பியலெத்தி 1933-இல் பீட்மாண்டில் தயாரிக்கத் தொடங்கிய எண்கோண அலுமினியக் கெண்டி அது. அடித்தட்டில் தண்ணீர் சூடாக, உள்ளே ஏறும் அழுத்தம் தண்ணீரைக் காபித்தூள் வழியாக மேல்தட்டுக்குத் தள்ளும். நம் பித்தளை ஃபில்டரில் அந்த வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. நேரம் அதிகம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். முதல் டிகாஷன் இதற்கு நன்றாகவே பொருந்தும். சிக்கரி கலந்த தூளாக இருந்தால் நிறமும் கசப்பும் வரும், காபி மணம் பின்தங்கும். அப்படியானால் டிகாஷனிலேயே ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபியைக் கரைத்துவிடுங்கள். தண்ணீரைக் கூட்டாமல் காபியைக் கூட்ட அதைவிட எளிய வழி இல்லை. ஃபில்டர் காபிப் பிரியர்கள் முகம் சுளிக்கலாம், உருண்டையில் தெரியாது.

மிகவும் முரண்டு பிடிப்பது சாக்லேட்தான். கோகோ வெண்ணெய் என்ற கொழுப்புக்குள் சர்க்கரையும் கோகோவும் நாக்குக்குத் தட்டுப்படாத அளவு நுண்ணிய துகள்களாக மிதக்கின்றன, அதுதான் சாக்லேட். அதில் தண்ணீர் ஏறக்குறைய இல்லவே இல்லை. உருகிய சாக்லேட்டில் நான்கு சொட்டு தண்ணீர் விழுந்தால், அது சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பை மட்டும் கரைத்துப் பசையாக்குகிறது. பசையான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்ட, வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது நொடியில் மந்தமான கட்டியாகிவிடும். ஈரக்கரண்டி போதும், கீழே கொதிக்கும் தண்ணீரின் ஆவி போதும். வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்தும் தண்ணீர்தான். போதுமான அளவு விட்டால் சர்க்கரை முழுவதும் கரைந்து, கோகோத் துகள்கள் நனைந்து, கொழுப்பு சிறு துளிகளாக அந்தத் தண்ணீருக்குள் பரவிவிடும். பாலில் வெண்ணெய்க் கொழுப்பு இருப்பதும் இதே நிலையில்தான். வேதியியலில் பால்மம் என்கிறார்கள். 100 கிராம் கருஞ்சாக்லேட்டுக்கு 30 மில்லியாவது வேண்டும். கோகோ 60, 70 சதவீதம் உள்ள வகை என்றால் 40 மில்லி. இதற்குக் கீழே போனால் ஆபத்து, மேலே போனால் பாதுகாப்பு. ஆகவே காபியைச் சாக்லேட்டில் சொட்டுச் சொட்டாக விடாமல் ஒரே ஊற்றாக ஊற்றுவதுதான் முறை.

ஏறத்தாழ 25 உருண்டைக்கு அளவு இது. கருஞ்சாக்லேட் 100 கிராம், கெட்டிக் காபி 45 மில்லி, மாஸ்கர்போனே 150 கிராம், சவோயார்தி 150 கிராம், பொடித்த சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, மேலே புரட்டக் கோகோத் தூள். உப்பை விட்டுவிடாதீர்கள், கசப்பின் முனையை மழுக்குவது அதுதான். மாஸ்கர்போனேயில் 70 மில்லியை ஒட்டி, காபியில் 45, ஆக மொத்தம் சுமார் 115 மில்லி தண்ணீர் இந்தக் கலவைக்குள் வருகிறது. 150 கிராம் பிஸ்கட் அதை ஏற்றுக்கொண்டு, உருட்டும் பதத்துக்கு நிற்கும்.

பிஸ்கட்டை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி ரவைப் பதத்துக்குப் பொடியுங்கள். நடுநடுவே சற்றுப் பெரிய துணுக்குகள் கிடப்பது நல்லது, கடிக்கும்போது திரமிசுவின் அடுக்கு ஞாபகம் வரும். மாஸ்கர்போனேயை முன்னதாகவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். சாக்லேட்டை நறுக்கி, காய்ந்த கிண்ணத்தில் போட்டு, கொதி அடங்கிய வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. உருகியதும் இறக்கிவைத்து, கை பொறுக்காத சூட்டில் இருக்கும் காபி முழுவதையும் ஊற்றிவிட்டு, ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவில் தொடங்கிச் சிறு வட்டமாகக் கிளறுங்கள். முதலில் திரிந்ததுபோல் தெரியும், மனம் பதறும். நிறுத்த வேண்டாம். நடுவில் ஒரு பளபளப்பு தோன்றி, அது மெல்ல விளிம்புவரை பரவி, எல்லாம் கண்ணாடிபோல் மின்னும். கொழுப்பு தண்ணீருக்குள் துளித்துளியாக அடங்கிவிட்டது என்பதற்கு அந்த மினுமினுப்புதான் சாட்சி. அதற்குப் பிறகும் விளிம்பில் எண்ணெய் கசிந்து நின்றால், ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கிளறினால் சேர்ந்துகொள்ளும்.

இது வெதுவெதுப்புக்கு ஆறிய பின் மாஸ்கர்போனே, சர்க்கரை, உப்பு. சூடாகச் சேர்த்தால் மாஸ்கர்போனே இளகி ஓடும். மாஸ்கர்போனே ஜில்லென்று இருந்தால் சாக்லேட் அங்கங்கே பொட்டுப் பொட்டாக உறைந்துவிடும். பீட்டர் தேவையே இல்லை. இவ்வளவு கொழுப்புள்ள பொருளை அடித்தால் கொழுப்புத் துளிகள் உடைந்து ஒன்றுசேர்ந்து வெண்ணெயாகத் திரண்டுவிடும்; கரண்டியால் மடித்து மடித்துக் கலந்தால் போதும். பிஸ்கட் பொடியில் முக்கால் பங்கை முதலில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்ச நேரம் எடுக்கும். போட்டவுடன் தளர்வாக இருக்கிறதே என்று மீதியையும் கொட்டிவிட்டால், ஒரு மணி நேரம் கழித்து உருண்டை வறண்டு விரிசல் விடும். பத்து நிமிடத்துக்குப் பின் பதம் பார்த்து, வேண்டுமானால் மீதியைச் சேருங்கள். பிறகு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்.

உருட்டும்போது நம் உள்ளங்கையே பகையாளி. கோகோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரியை ஒட்டி. உள்ளங்கைச் சூடும் அதற்கு வெகு அருகில்தான். குளிர்ந்த நீரில் கையை நனைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று சுற்றில் உருட்டி விட்டுவிட வேண்டும். அழகுக்காக மேலும் உருட்டினால் மேல்பகுதி இளகி கையில் அப்பிக்கொள்ளும்.

மேலே புரட்டும் கோகோத் தூளுக்கு ஒரு வரலாறு உண்டு. கோகோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. ஆம்ஸ்டர்டாமில் காஸ்பாரஸ் வான் ஹூட்டன் 1828-இல் காப்புரிமை பெற்ற அழுத்து எந்திரம்தான் அந்தக் கொழுப்பில் பெரும்பங்கைப் பிழிந்தெடுத்து, எஞ்சியதைப் பொடியாக்க வழிசெய்தது. பிழிந்த கோகோ வெண்ணெய் இருந்ததால்தான் பின்னர் கெட்டிச் சாக்லேட்டும் சாத்தியமானது. அவர் மகன் கூன்ராட் அந்தத் தூளில் அல்கலி எனப்படும் காரத்தைச் சேர்த்துப் பதப்படுத்திப் புளிப்பைக் குறைத்தார். திரமிசுவின் மேல் கருத்துக் கிடப்பது பெரும்பாலும் இந்தக் காரம் சேர்த்த வகை. சாதாத் தூள் செம்பழுப்பாக, சற்றுப் புளிப்பாக இருக்கும். இரண்டும் சரியே, உள்ளே இனிப்பு அதிகமானால் எனக்குச் சாதாத் தூள்தான் பிடிக்கும்.

தூளுக்குப் பதில் சாக்லேட்டில் முக்கியெடுப்பவர்களும் உண்டு. கடித்தால் மடக்கென்று உடையும் மேலோடு வேண்டுமென்றால், சூட்டை ஏற்றி இறக்கிச் சாக்லேட்டைப் பதப்படுத்தும் டெம்பரிங் தெரிய வேண்டும். வில், லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1966-இல் கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையும் என்று காட்டினார்கள். மிகத் தளர்ந்தது 17 டிகிரியிலேயே உருகிவிடும். மிக இறுகியது 36 வரை தாங்கும். நமக்கு வேண்டியது 34 டிகிரிக்குச் சற்று முன் உருகும் ஐந்தாம் வகை. பளபளப்பும் ‘மடக்’கும் அதற்குத்தான் உண்டு, கையில் நிற்கும், வாயில் கரையும். வீட்டு நெய் ஒருமுறை மணல் மணலாகவும் ஒருமுறை வழுவழுப்பாகவும் உறைவதைக் கவனித்திருப்பீர்கள். ஆறும் வேகத்துக்கேற்பப் படிகம் மாறுவதுதான் அங்கேயும் நடக்கிறது. சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரிக்கு உருக்கி, மீதியைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளறிக்கொண்டே 31, 32 டிகிரிக்கு இறக்கினால், உருகாத துணுக்குகளில் இருக்கும் ஐந்தாம் வகைப் படிகம் மற்றவற்றையும் தன் வழிக்கு இழுத்துக்கொள்ளும். சமையலறைத் தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்குவது வீண். சித்திரை மாதச் சென்னையில், குளிர்சாதனம் இல்லாத அறையில், தெர்மாமீட்டர் இருந்தாலும் வீண்தான். கோகோத் தூளே போதும். திரமிசுவுக்கு அதுதான் நெருக்கமும்கூட.

உள்ளே தண்ணீர் இருப்பதால் இது சாக்லேட் பார்போல் மாதக்கணக்கில் நிற்காது. மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜில், மூன்று நான்கு நாள். ஃப்ரீஸரில் ஒரு மாதம் வைக்கலாம், கோகோ புரட்டாமல். கோகோவைப் பரிமாறும் நேரத்தில் புரட்டுவது ஃப்ரிட்ஜில் வைத்ததற்கும் பொருந்தும். குளிர்ந்த உருண்டை நம் ஈரக்காற்றில் பட்டதும் வியர்க்கும். முன்கூட்டியே தூள் போட்டிருந்தால் திட்டுத்திட்டாக நனைந்துவிடும். டப்பாவை மூடியபடியே வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்து, பிறகு திறந்து புரட்டிக் கொடுங்கள். அதிகக் குளிரில் நாக்குக்கு இனிப்பும் மங்கும், மணமும் மங்கும்; அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டும் மீண்டுவிடும்.

ஒன்றைமட்டும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாளமாக, மலிவாக, ‘காம்பவுண்ட்’ என்ற பெயரில் விற்பதில் கோகோ வெண்ணெய் இருக்காது. அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். டெம்பரிங் தொல்லை இல்லை என்பதால் பேக்கரிகள் அதை வாங்குகின்றன. ஆனால் அந்த வகைகளில் பல, வாயில் முழுதாகக் கரையாமல் நாக்கில் மெழுகுபோல் படியும். மாஸ்கர்போனேக்கும் நல்ல காபிக்கும் காசு செலவழித்துவிட்டு இங்கே மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. உறையைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள்: கோகோ வெண்ணெய் என்று இருந்தால் வாங்குங்கள், ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.